ஹியூ கிளெக்ஹார்ன்

ஹியூ பிரான்சிஸ் கிளார்க் கிளெக்ஹார்ன் (ஆகஸ்ட் 9, 1820 – மே 16, 1895) சென்னையில் பிறந்த ஸ்காட்லாந்து மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். சென்னை மாகாணத்தின் வனத்துறையை 1856 ஆம் ஆண்டில் தொடங்கி நடத்தியவர் இவரே. ஒரு காட்டில் மரம் வெட்ட அனுமதிக்கும் முன்னர் அக்காட்டை நேரில் சென்று ஆய்வு செய்ய வேண்டும் என்றும், எந்த மரத்தை எவ்வளவு வெட்டலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்பதை அந்த ஆய்வைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்றும் இவர் வலியுறுத்தினார். இதனால் இந்தியாவில் அறிவியல் அடிப்படையிலான காட்டு மேலாண்மையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். அதே வேளையில், காட்டில் வாழ்ந்த மக்களின் மரபுவழி உரிமைகள் சுருங்குவதற்கு இவரது பணி வழிவகுத்தது என்ற விமர்சனமும் உண்டு.

குடும்பமும் கல்வியும்

கிளெக்ஹார்னின் தந்தை அக்காலத்தில் சென்னையில் இருந்த உச்ச நீதிமன்றத்தில் பதிவாளராகப் பணியாற்றினார். பாட்டனாரின் பெயரும் ஹியூ கிளெக்ஹார்ன் என்பதே. ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த அவர், 1795 இல் இலங்கையில் ஒல்லாந்தருக்காகப் பணிபுரிந்த சுவிட்சர்லாந்துக் கூலிப்படை ஒன்றைப் பிரித்தானியர் பக்கம் திருப்பியதில் முக்கிய பங்கு வகித்தார். பின்னர் பிரித்தானிய இலங்கையின் முதலாவது தலைமைச் செயலாளராகவும் பதவி வகித்தார்.

பேரனான கிளெக்ஹார்ன் 1824 இல் ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டு, ஃபைஃப் பகுதியில் ஸ்ட்ராவிதி என்னும் இடத்தில் இருந்த பாட்டனாரின் பண்ணையில் வளர்ந்தார். எடின்பரோவில் பள்ளிக்கல்வியையும், செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தொடக்க உயர்கல்வியையும் முடித்தபின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1841 இல் பட்டம் பெற்றார். மருந்துகளில் பெரும்பாலானவை செடிகொடிகளிலிருந்தே பெறப்பட்ட காலம் அது. எனவே தாவரவியல் மருத்துவக் கல்வியின் ஒரு பகுதியாக இருந்தது. கிளெக்ஹார்னுக்குத் தாவரவியலில் ஆர்வம் ஏற்பட்டது இவ்வகையில்தான்.

மைசூரில் மருத்துவப் பணி

1842 இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவப் பிரிவில் சேர்ந்த கிளெக்ஹார்ன், சிறிது காலத்திற்குப் பின்னர் மைசூருக்கு அனுப்பப்பட்டார். அப்போது மைசூர் அரசின் நிர்வாகம் பிரித்தானிய ஆணையரின் கையில் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியுள்ள சிமோகாவில் பணியாற்றியபோது காடுகளை அருகிலிருந்து காணும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. நாளுக்கு ஒரு செடியையாவது ஆராய வேண்டும் என்று கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் வில்லியம் ஹூக்கர் கூறிய அறிவுரையை இவர் பின்பற்றினார். உள்ளூர் ஓவியர்களை அமர்த்திச் செடிகளை வண்ணத்தில் வரையச் செய்தார். பின்னர் சென்னையில், தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக வரைந்த கோவிந்து என்னும் ஓவியரும் இவருக்காகப் பணிபுரிந்தார்.

நோயின் காரணமாக 1848 இல் விடுப்பில் ஸ்காட்லாந்து திரும்பினார். இந்த இடைவெளியில்தான் இவரது வாழ்க்கையின் திசை மாறியது.

1851 ஆம் ஆண்டு அறிக்கை

காடுகள் அழிவதால் மழையும் நீரூற்றுகளும் குறைகின்றனவா என்ற கேள்வி அக்காலத்தில் இந்தியாவில் பணியாற்றிய மருத்துவர்களிடையே பரவலாக எழுந்திருந்தது. பம்பாய் மாகாணத்தில் அலெக்சாண்டர் கிப்சன் என்னும் மருத்துவர் 1847 இல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். சென்னை அருங்காட்சியகத்தைப் பின்னர் தொடங்கிய எட்வர்ட் பால்ஃபோர் என்னும் மருத்துவர், மரங்களுக்கும் தட்பவெப்பத்துக்கும் உள்ள தொடர்பு குறித்து 1849 இல் கட்டுரை எழுதினார்.

1850 இல் எடின்பரோவில் கூடிய பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகம், வெப்பமண்டலக் காடுகளின் அழிவால் ஏற்படும் பொருளாதார, இயற்கை விளைவுகளை ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. கிளெக்ஹார்ன், ஃபோர்ப்ஸ் ராய்ல், பேர்டு ஸ்மித், ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி ஆகியோர் இதன் உறுப்பினர்கள். குழுவின் அறிக்கை 1851 இல் வெளியானது. காடு அழிந்தால் மொத்த மழை குறையும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்றுகள் அப்போது இல்லை. ஆனால் மலைச்சரிவுகளில் மண் அரிப்பு, ஊற்றுகள் வற்றுதல், வெட்டுமரம் வீணாதல் ஆகியவை கண்கூடாகத் தெரிந்தன. ஒழுங்கான காட்டு மேலாண்மை இந்தியாவுக்குத் தேவை என்ற கருத்துக்கு இவ்வறிக்கை வலுச்சேர்த்தது. காட்டுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு சிக்கலானது என்பதும், மண்ணையும் நீரையும் காடு காக்கிறது என்பதும் இன்றைய அறிவியலும் ஏற்கும் கருத்துகளாகும்.

சென்னையில் பேராசிரியர்

விடுப்பு முடிந்து சென்னைக்குத் திரும்பிய கிளெக்ஹார்ன், சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் மற்றும் மருந்துப் பொருளியல் பேராசிரியரானார். சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். சங்கத் தோட்டத்தில் வளர்ந்த செடிகளின் பட்டியலை 1853 இல் நூலாக வெளியிட்டார். கதீட்ரல் சாலையில் இச்சங்கத்தின் வசம் இருந்த நிலத்தின் ஒரு பகுதியில்தான் 2010 இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.

வனப் பாதுகாவலர் பதவி

சென்னை மாகாணத்தில் காடுகளுக்கென அதிகாரி ஒருவரை நியமிப்பது அதுவே முதல் முறை அன்று. கப்பல் கட்டத் தேவையான தேக்கைப் பெறுவதற்காக 1806 இல் மலபாரில் கேப்டன் வாட்சன் என்பவர் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டிருந்தார். அவர் நடத்திய மரத் தனியுரிமையால் நில உடைமையாளர்களும் வணிகர்களும் பாதிக்கப்பட்டனர். எதிர்ப்பு வலுக்கவே, ஆளுநர் தாமஸ் மன்றோ காலத்தில் 1823 இல் அப்பதவி நீக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரும்பாலான காடுகளுக்கு மேற்பார்வை இல்லை. மலபார் ஆட்சியர் கனோலி 1840களில் சாத்து மேனன் என்பவரின் துணையுடன் நிலம்பூரில் தொடங்கிய தேக்குத் தோட்டம் போன்றவை விதிவிலக்குகள் ஆகும்.

இந்நிலையில் 1856 ஜூலை 1 ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி ஓடியது. தண்டவாளத்தின் அடியில் குறுக்காக இடப்படும் சிலீப்பர் கட்டைகள், ஒரு மைல் தொலைவுக்கு 1,760 முதல் 2,000 வரை தேவைப்பட்டன. 1850களில் சென்னை மாகாணத்தில் மட்டும் இதற்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 35,000 மரங்கள் வெட்டப்பட்டன. எஞ்சினுக்கு எரிபொருளும் விறகாகவே இருந்தது. பம்பாய்க் கப்பல் தளம் தேக்கைக் கேட்டது. மலைச்சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக்காரர்கள் ஆற்றுக்கும் சாலைக்கும் அருகிலிருந்த நல்ல மரங்களை முதலில் வெட்டினர். அவர்கள் வெட்டிய இடங்களில் மறுபடியும் நடுவதற்கு ஏற்பாடு ஏதும் இல்லை.

ஆளுநர் ஹாரிஸ் பிரபு, வனத்துறை ஒன்றை அமைக்கும் பொறுப்பைக் கிளெக்ஹார்னிடம் ஒப்படைத்தார். 1856 டிசம்பரில் இவர் சென்னை மாகாண வனப் பாதுகாவலரானார். அடுத்த ஆண்டு ரிச்சர்ட் ஹென்றி பெடோம் என்னும் படை அதிகாரி இவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். கிளெக்ஹார்னுக்குப் பின் துறையின் தலைமையை ஏற்று 1882 வரை நடத்திய பெடோம், தென்னிந்தியத் தாவரங்கள், ஊர்வன பற்றிய ஆய்வுகளாலும் புகழ்பெற்றவர்.

வெட்டுவதற்கு முன் ஆய்வு

கிளெக்ஹார்ன் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் பயணத்திலேயே கழித்தார். குதிரையிலும் நடந்தும் மாகாணத்தின் காடுகளுக்குச் சென்று, ஒவ்வொன்றைப் பற்றியும் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். காட்டில் உள்ள மரவகைகள், முதிர்ந்த மரங்களின் நிலை, வெட்டிய மரத்தைக் கொண்டுசெல்லும் வழி, இதுவரை நடந்த வெட்டின் விளைவு ஆகியவற்றை அவ்வறிக்கைகள் எடுத்துக்கூறின. தேக்கு போன்ற உயர்ந்த மரங்களைத் தனியார் அனுமதியின்றி வெட்டுவது தடுக்கப்பட்டது. பிற மரங்களுக்கு அனுமதிச்சீட்டும் கட்டணமும் விதிக்கப்பட்டன. தேக்கு ஒன்றையே நம்பியிராமல் சிலீப்பர் கட்டைக்கு ஏற்ற பிற கடினமரங்களைக் கண்டறிவதிலும், ஒவ்வொரு மரத்தின் கட்டையும் மண்ணில் எத்தனை ஆண்டுகள் தாங்குகிறது என்னும் விவரங்களைத் திரட்டுவதிலும் இவர் ஈடுபட்டார். இருப்புப்பாதை அருகே விறகுக்கெனத் தனித்தோட்டங்கள் வளர்க்க வேண்டும் என்பதும் இவரது கருத்து.

இதே காலத்தில் பர்மாவில் டைட்ரிச் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர் இம்முறையை மேலும் துல்லியமாக்கினார். அவர் காட்டின் ஊடே நேர்கோட்டில் சென்று, வழியில் கண்ட தேக்கு மரங்களைச் சுற்றளவு வாரியாக எண்ணினார். இளமரங்கள் ஆண்டுதோறும் எத்தனை முதிர்ந்த நிலையை அடையுமோ அத்தனை முதிர்ந்த மரங்களை மட்டுமே வெட்டலாம் என்பது அவரது கணக்கு. முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுவதைப் போன்றது இது. கிளெக்ஹார்னும் பிராண்டிஸும் பின்னர் இணைந்து பணியாற்றினர். வேலைத்திட்டம் எனப்படும் காட்டு மேலாண்மைத் திட்டங்கள் இந்த அணுகுமுறையின் வளர்ச்சியே ஆகும்.

ஆனைமலையும் நீலகிரியும்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆனைமலைத் தேக்குக் காடுகளில் 1848 முதல் ஜேம்ஸ் மைக்கேல் என்னும் படை அதிகாரியின் மேற்பார்வையில் அரசு மரம் வெட்டிவந்தது. யானைகளைக் கொண்டு இழுத்துவரப்பட்ட மரக்கட்டைகள் மலைவிளிம்பிலிருந்து கீழே சறுக்கிவிடப்பட்டன. இன்று சுற்றுலாத் தலமாக விளங்கும் டாப் சிலிப் என்ற இடம் இதனாலேயே அப்பெயர் பெற்றது. 1858 இல் கிளெக்ஹார்ன் ஆனைமலையின் உயர்பகுதிகளுக்குச் சென்று, அங்குள்ள புல்வெளிகளையும் சோலைக்காடுகளையும் ஆராய்ந்தார். இப்பயணம் பற்றிய இவரது கட்டுரை எடின்பரோ அரச கழகத்தின் இதழில் வெளியானது. ஆனைமலையில் காடர் முதலிய பழங்குடியினரின் துணையின்றி இத்தகைய ஆய்வுகள் நடந்திருக்க இயலாது. பாதைகளையும் மரங்களையும் அறிந்திருந்தவர்கள் அவர்களே.

நீலகிரியில் உதகமண்டலத்தைச் சுற்றியிருந்த சோலைக்காடுகள் விறகுக்காக வெட்டப்பட்டு வந்தன. அவற்றைக் காக்க வேண்டும் என்று கருதிய கிளெக்ஹார்ன், அதற்கு மாற்றாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைலமரத்தையும் சீகை மரத்தையும் நடுவதை ஆதரித்தார். விரைவில் வளரும் இம்மரங்கள் விறகுத் தேவையைத் தீர்த்தன. ஆனால் பிற்காலத்தில் அவை பரந்த பரப்பில் நடப்பட்டும் தாமே பரவியும் நீலகிரியின் இயற்கைப் புல்வெளிகளின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. அப்புல்வெளிகள் மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு வழங்குபவை என்பதையும், தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் நிலமாக இருந்தவை என்பதையும் நோக்கினால் இவ்விழப்பின் அளவு விளங்கும். மரமில்லாத நிலமும் காக்கத்தக்கதே என்னும் எண்ணம் அக்கால வனவியலில் இடம்பெறவில்லை.

குமரி வேளாண்மைத் தடை

கிளெக்ஹார்ன் பணிகளுள் மிகுந்த விவாதத்துக்கு உரியது குமரி வேளாண்மை குறித்த இவரது நிலைப்பாடு ஆகும். காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து, அச்சாம்பலில் ஓரிரு ஆண்டுகள் ராகி முதலியவற்றைப் பயிரிட்டு, பின் அந்நிலத்தைப் பல ஆண்டுகள் தரிசாக விட்டு வேறிடம் செல்லும் முறையே குமரி எனப்பட்டது. மலைகளில் தினைப்புனம் அமைத்த பழந்தமிழ்க் குறிஞ்சி மக்களின் வேளாண்மையும் இதை ஒத்ததே.

கிளெக்ஹார்ன் இம்முறையை மதிப்புமிக்க மரங்களை வீணாக்கும் செயலாகக் கருதிக் கடுமையாக எதிர்த்தார். 1860 இல் சென்னை அரசு தன் காடுகளில் அனுமதியின்றிக் குமரி செய்வதைத் தடைசெய்தது. தென் கன்னட மாவட்டத்தில் இதன் தாக்கம் மிகுதியாக இருந்தது. பயிரிடும் இடத்தை இழந்த மலைமக்கள் பலர் கூலிவேலையை நாட வேண்டியதாயிற்று.

போதிய இடமும் நீண்ட தரிசுக்காலமும் இருந்தால் இம்முறையில் காடு மீண்டும் தழைக்கும் என்று இன்றைய சூழலியலாளர்கள் பலர் கருதுகின்றனர். இருப்புப்பாதைக்கு வெட்டப்பட்ட மரங்களையும் குமரிக்கு வெட்டப்பட்டவற்றையும் ஒரே தராசில் நிறுத்து நோக்கவில்லை என்பதே இவர் மீதான முக்கிய குற்றச்சாட்டு. முன்னதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பின்னதற்குத் தடையே விதிக்கப்பட்டது.

இமயமலைக் காடுகள்

1860 இல் விடுப்பில் சென்ற கிளெக்ஹார்ன், 1861 இல் மார்ஜரி இசபெல்லா கோவன் என்பவரை மணந்தார். தென்னிந்தியக் காடுகள் குறித்த இவரது முக்கிய நூல் அவ்வாண்டே வெளியானது. இந்தியா திரும்பியதும் பஞ்சாப் மாகாணத்தையும் மேற்கு இமயமலையையும் சார்ந்த காடுகளை ஆராயும் பணி இவருக்கு அளிக்கப்பட்டது. வடக்கேயும் இருப்புப்பாதைகள் விரிவடைந்த காலம் அது. அங்கே தேக்கின் இடத்தில் தேவதாரு இருந்தது. வெட்டிய மரங்கள் சத்லஜ், ரவி, செனாப் முதலிய ஆறுகளில் மிதக்கவிடப்பட்டுச் சமவெளியை அடைந்தன.

கிளெக்ஹார்ன் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் பயணம் செய்து 1864 இல் விரிவான அறிக்கையை அளித்தார். அவ்வாண்டே சம்பா, பஷஹர் ஆகிய மலைச் சிற்றரசுகளின் காடுகள் பிரித்தானிய அரசுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. இந்திய அரசின் வனத்துறையும் அதே ஆண்டு உருவானது. அதன் முதல் தலைமை ஆய்வாளர் பிராண்டிஸ். அவர் விடுப்பில் சென்றிருந்தபோது கிளெக்ஹார்ன் அப்பொறுப்பைக் கவனித்தார்.

ஸ்காட்லாந்தில் இறுதிக்காலம்

1860களின் இறுதியில் கிளெக்ஹார்ன் இந்தியாவிலிருந்து நிரந்தரமாக விடைபெற்று ஸ்ட்ராவிதியில் குடியேறினார். எடின்பரோ தாவரவியல் கழகத்தின் தலைவராகவும், ஸ்காட்லாந்து மரவளர்ப்புக் கழகத்தின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்திய வனத்துறைக்கு இளைஞர்களைத் தேர்வு செய்வதில் உதவினார். அந்நாளில் பிரித்தானியாவில் வனவியல் கற்பிக்க முறையான ஏற்பாடு இல்லாததால், தேர்வானவர்கள் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் அனுப்பப்பட்டனர். இக்குறையைப் போக்க வேண்டும் என்று கிளெக்ஹார்ன் தொடர்ந்து முயன்றார். 1884 இல் எடின்பரோவில் நடந்த பன்னாட்டு வனவியல் கண்காட்சியில் பங்காற்றினார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1889 இல் வனவியல் விரிவுரையாளர் பதவி ஏற்பட இவரது முயற்சியும் ஒரு காரணம்.

1895 மே 16 ஆம் நாள் ஸ்ட்ராவிதியில் காலமானார். இவருக்குக் குழந்தைகள் இல்லை.

மதிப்பீடு

கிளெக்ஹார்னைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ரிச்சர்ட் குரோவ் 1995 இல் வெளியிட்ட ஆய்வில், இவரைப் போன்ற மருத்துவர்களே நீர், மண், பஞ்சம் பற்றிய கவலையால் சுற்றுச்சூழல் சிந்தனையை முன்னெடுத்தனர் என்று வாதிட்டார். மாதவ் காட்கில், இராமச்சந்திர குஹா ஆகியோர் 1992 இல் எழுதிய நூலில், குடியேற்ற அரசு தன் மரத்தேவைக்காகக் காட்டை மக்களிடமிருந்து கைப்பற்றியதே வனத்துறையின் வரலாறு என்ற கருத்தை முன்வைத்தனர். இவ்விரு கூற்றுகளுக்கும் கிளெக்ஹார்னின் வாழ்க்கையில் சான்றுகள் உள்ளன. இவரது ஆய்வுகள் கட்டுக்கடங்காத வெட்டைத் தடுத்தன. அதே ஆய்வுகள் இருப்புப்பாதைக்கும் கப்பலுக்கும் மரம் தடையின்றிக் கிடைக்கவும் உதவின. காட்டின் மரங்கள் கணக்கெடுக்கப்பட்டன. அக்காட்டை நம்பி வாழ்ந்தோரின் உரிமைகள் அதே கவனத்துடன் கணக்கெடுக்கப்படவில்லை.

இக்கேள்வி அவர் காலத்தோடு முடியவில்லை. 1878 ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் சென்னை மாகாணத்துக்குப் பொருந்தவில்லை. மக்களின் உரிமைகள் பற்றிய நீண்ட விவாதத்துக்குப் பின் 1882 இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் நடந்த மரவெட்டை எதிர்த்துத் தொடரப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், ஒப்புதல் பெற்ற வேலைத்திட்டம் இல்லாமல் காடுகளில் மரம் வெட்டக்கூடாது என்று உத்தரவிட்டது. வெட்டுவதற்கு முன் ஆய்வு வேண்டும் என்று கிளெக்ஹார்ன் வலியுறுத்திய மாகாணத்தின் மலைகளிலிருந்தே நாடு முழுமைக்குமான இவ்வுத்தரவு எழுந்தது குறிப்பிடத்தக்கது. காட்டில் வாழ்வோரின் உரிமைகளை ஏற்கும் வன உரிமைச் சட்டம் அதற்கும் பத்தாண்டுகள் கழித்து, 2006 இல்தான் இயற்றப்பட்டது.

நூல்களும் சேகரிப்புகளும்

தென்னிந்தியாவின் காடுகளும் தோட்டங்களும் என்னும் பொருள்படும் 1861 ஆம் ஆண்டு நூலும், பஞ்சாப் மற்றும் மேற்கு இமயமலைக் காடுகள் பற்றிய 1864 ஆம் ஆண்டு அறிக்கையும் கிளெக்ஹார்னின் முக்கிய படைப்புகள் ஆகும். இவர் இந்திய ஓவியர்களைக் கொண்டு வரையச்செய்தும் திரட்டியும் வைத்த தாவர ஓவியங்கள் ஏறத்தாழ 3,000 எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் பாதுகாக்கப்படுகின்றன. அப்பூங்காவின் ஆய்வாளர் ஹென்றி நோல்டி 2016 இல் கிளெக்ஹார்னின் வாழ்க்கை வரலாற்றையும் ஓவியத் தொகுப்பையும் நூல்களாக வெளியிட்டார். அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த கிளெக்ஹார்னியா என்னும் தாவரப் பேரினத்துக்கு ராபர்ட் வைட் இவரது பெயரைச் சூட்டியுள்ளார்.